விறகினுள் மறைந்த நீர்

விறகு வெட்டி விற்றல் என்றவுடனே கோடாலியும் தலைச்சுமையுமே நம்மவர் நினைவிற்கு வரும். கல்வியும் முதலும் வேண்டாத, ஏழையர்க்கே உரிய தொழில் அஃதென்று எண்ணிப் பழகிவிட்டோம். இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புறங்களிலோ, ஒருவரோ இருவரோ கூடி, சங்கிலி வாளும், டிராக்டரும், மரம் பிளக்கும் யந்திரமும், டிரெய்லர் என்னும் இழுவண்டியும் கொண்டு நடத்தும் சிறு கைத்தொழிலாக இஃது இன்றும் நிலவுகின்றது. அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். புதிதாய் இத்தொழிலிற் புகுவோர் முதலில் நாடுவது யந்திரங்களையே. ஆயினும் இதன் இலாப நட்டங்கள் பெரும்பாலும் மரத்தினுள் மறைந்து நிற்கும் நீரைப் பொறுத்தனவே என்பது நம் கருத்து.

புதிதாய் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராகும். ஆயிரம் கிலோ பச்சை மரத்தில் நீர் 500 கிலோவும் மரப்பொருள் 500 கிலோவும் உள்ளன எனக் கொள்வோம். நூற்றுக்கு 20 பங்கு நீரே எஞ்சுமாறு அதனை உலர்த்தினால், மொத்த எடை 625 கிலோவாகக் குறையும். எஞ்சிய 375 கிலோ நீர் காற்றோடு கலந்துவிடும். உலர்த்தாது எரிப்போமாயின், அந்நீர் முழுவதும் அடுப்பினுள்ளேயே ஆவியாதல் வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் செலவாகும். ஆகவே, ஒரு கிலோ பச்சை விறகு தருவது 8 மெகாஜூலுக்குச் சற்று மேற்பட்ட வெப்பமே. உலர்ந்த விறகோ 14 மெகாஜூலுக்கு மேல் தரும். பௌதிக வகுப்பிற் பயிலும் மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். அங்ஙனம் செய்வோர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். அதே ஆயிரம் கிலோ மரத்தைப் பச்சையாக எரித்தாலும் உலர்த்தி எரித்தாலும் மொத்த வெப்பத்தில் வேற்றுமை நூற்றுக்குப் பத்துப் பங்கைச் சிறிதே கடக்கும். அப்படியாயின் கேடு எங்கே உளதெனின், புகையில் உளது. நீராவியால் நெருப்புக் குளிர்தலின், மரத்தினின்று எழும் வாயுக்கள் முற்றும் எரியாமல் கரும்புகையாய் வெளியேறும். தார் போன்ற பசை புகைபோக்கியின் உட்புறத்திற் படிந்து, ஒருநாள் தானே தீப்பற்றவுங் கூடும்.

நம் நாட்டு விறகுத் தொட்டிகளில் தராசே நடுவர். எடைக்கு விற்கும்போது ஈர விறகு விற்பவனுக்கு இலாபம். வாங்குபவன் நீருக்கும் விறகின் விலையே கொடுக்கின்றான். இங்கிலாந்தில் விறகைப் பெரும்பாலும் கன மீட்டர் அளவில் விற்கின்றனர். இதனால் ஈரத்தைக் காசாக்கும் வஞ்சம் ஒழிந்ததே யன்றி, வஞ்சம் முற்றும் ஒழிந்தபாடில்லை. நெருக்கி அடுக்கிய ஒரு கன மீட்டர் விறகை வண்டியில் வாரி எறிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கன மீட்டராய்த் தோன்றும். ஆகலின் ‘அடுக்கியதா, கொட்டியதா’ என்று கேளாமல் விலை பேசுவோன் பேதையே யாவான்.

புகையினால் நகரத்துக் காற்றுக் கெடுதலை முன்னிட்டு, 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அந்நாட்டில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு கன மீட்டருக்குக் குறைந்த அளவில் வீட்டிற்கு விற்கும் விறகில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேற்படலாகாது. அதற்குச் சான்றும் பெற்றிருத்தல் வேண்டும். இரண்டு கன மீட்டரோ அதற்கு மேலோ விற்பின், ஈர விறகாயினும் விற்கலாம். ஆனால் அதனை உலர்த்தும் முறையை எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். ஆண்டுக்கு 600 கன மீட்டருக்குக் குறைவாய் விற்கும் சிறு வணிகர்க்கு மட்டும் 2022 மே வரை தவணை தந்தனர். இச்சட்டம் சிறியோரை நசுக்கிற்றென்று சொல்வாருளர். சான்றிதழ்ச் செலவு சிறியோர்க்குப் பாரமென்பது மெய்யே. ஆயினும், முன்னரே பொறுமையாய் உலர்த்தி விற்ற நேர்மையாளர்க்கு, ஈர விறகை மலிவாய் விற்றுப் போட்டியிட்டோரால் விளைந்த தொல்லை இதனாற் குறைந்ததென்பதையும் மறத்தலாகாது.

உலர்த்துதல் எளிதாயினும் காலத்தை விழுங்கும். பிளந்த துண்டங்களைத் தரையினின்று சற்று உயர்த்தி அடுக்கி, மேலே மழை படாமல் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுதலே முறை. ஆஷ் மரம் பச்சையிலேயே ஈரங் குறைந்ததாதலின் விரைவில் உலரும். ஓக் மரத்திற்கோ இரண்டு கோடைகளேனும் வேண்டும். அக்காலமெல்லாம் மரத்தின் விலையும் வெட்டிய கூலியும் கொட்டகையில் உறங்கிக் கிடக்கும். யந்திரத்திற்கு வாங்கிய கடனின் வட்டியோ உறங்காது. இவ்விடத்திலேதான் இளைஞர் பலர் இடறி விழுகின்றனர். பணமுடையால் விறகை ஈரத்தோடு விற்று, வாங்கினோரை அடுத்த ஆண்டு இழக்கின்றனர். வெந்நீர்க் காற்றறையில் உலர்த்துவோரும் உளர். அதற்கும் எரிபொருள் வேண்டுமன்றோ?

நிற்க, யந்திரங்களைப் பார்ப்போம். சங்கிலி வாளும், எண்ணெயழுத்தத்தால் பிளக்கும் யந்திரமும் இருந்தால் தொழில் தொடங்கலாம். அறுத்தலும் பிளத்தலும் வண்டியில் ஏற்றுதலும் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் பெரிய யந்திரமும் உண்டு. அது வேலை செய்வது காணக் கண் கூசும் விரைவாயினும், நேரான, ஒத்த பருமனுள்ள மரத்தையே அது விரும்பும். கோணற் கிளையும் கவட்டைக் கட்டையும் அதன் வாயிற் சிக்கி நிற்கும். நேரான மரத்திற்கு வேறு வணிகரும் போட்டியிடுவராதலின் விலை மிகும். மலிவாய்க் கிடைப்பது கோணலே. ஆகவே கொட்டகை முதலில், பெரு யந்திரம் பின்னர் என்பதே நாம் கூறத்தக்க முறை. சங்கிலி வாளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழிலில் அதனைக் கையாள்வோர் தக்க பயிற்சி பெற்றிருத்தல் கட்டாயம். காலைக் காக்கும் தனியாடையும், தலைக்கவசமும் இன்றி அதனைத் தொடுவது அறிவீனம்.

இனி இழுவண்டி. சாதாரண உரிமம் உடையோர், தடையுள்ள டிரெய்லரைப் பாரத்தோடு 3,500 கிலோ வரை இழுக்கலாம். 1997 முதல் தேறியோர் இதற்கெனத் தனித் தேர்வு எழுதவேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது நீங்கிற்று. தடையில்லாத வண்டிக்கு எல்லை 750 கிலோவே. இழுக்கும் மோட்டாருக்குரிய எல்லை இவற்றினும் குறைவாயின் அதுவே செல்லும். டிரெய்லர் தானே 900 கிலோ நிறையுடையதாயின், ஏற்றத்தக்க பாரம் 2,600 கிலோ. அடுக்கிய பச்சை ஓக் கட்டை கன மீட்டருக்கு ஏறக்குறைய 700 கிலோ நிறுக்கும். நான்கு கன மீட்டர் ஏற்றினாலே சட்டத்தையும் தடையின் வலிமையையும் கடந்துவிடுவோம். உலர்ந்து பிளந்த ஆஷ் விறகையோ ஆறு கன மீட்டர் கொட்டினாலும் எல்லைக்குள் நிற்கும். மரத்திலுள்ள நீரை வண்டியிலேற்றி, அதற்கும் எண்ணெய் செலவிட்டு ஊரூராய்ச் சுமப்பதினும் வீண் வேலை வேறில்லை. பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னே தள்ளி வைத்தல் வேண்டும். பின்னே மிகுந்தால் இறக்கத்தில் வண்டி பாம்பின் வாலெனத் துவண்டாடி, இழுக்கும் மோட்டாரையும் கவிழ்க்கும்.

மரம் எங்கிருந்து வருகின்றது? இங்கிலாந்தில் உரிமம் பெறாமல் மூன்று மாதத்திற்கு 5 கன மீட்டர் வரையே ஒருவர் தம் நிலத்து மரத்தை வெட்டலாம். அதிலும் 2 கன மீட்டருக்கு மேல் விற்றலாகாது. இந்நாளில் விறகு மலிந்திருத்தற்கு ஒரு துயரமான காரணமும் உண்டு. 2012-இல் அந்நாட்டில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சண நோயால் ஆஷ் மரங்கள் நுனியினின்று கருகி மடிந்து வருகின்றன. சாலையோரத்து மரங்களை அபாயத்திற்கஞ்சி வெட்டுகின்றனர். நோயுற்ற மரம் எளிதில் முறியுமாதலின், வாள் பிடித்து அடியில் நிற்பவன் தலைமேல் கிளை வீழ்தல் உண்டு. அத்தகைய மரத்தைக் கூடியவரை யந்திரக் கையாலேயே வீழ்த்துதல் நன்று. இவ்விறகு என்றும் இவ்வாறே வருமென்றெண்ணிக் கடன்படுவோர் பின்னர் மரத்திற்கு எங்கே போவர்?

முன்னோர் கையாண்ட வழியொன்று அங்கே இன்றும் முற்றும் அழியவில்லை. கரும்பில் மறுதாம்பு விடுவதுபோல, இனிப்புச் செஸ்நட் முதலிய மரங்களை அடியோடு ஒட்ட வெட்டினால் கட்டையினின்று பல தளிர்கள் எழும். தோப்பைப் பதினைந்து கூறாக்கி, நம் வனத்துறையார் கூப்பு என்று சொல்லும் முறையில், ஆண்டுக்கு ஒரு கூறாக வெட்டிவரின், பதினாறாம் ஆண்டில் முதற் கூறு மீண்டும் வெட்டுக்கு வந்திருக்கும். இவ்வாறு வளர்ந்த தண்டுகள் 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பருமன் இல்லாதவாயின் வெட்டுரிமமும் வேண்டுவதில்லை. அவை நேரானவை, பல பிளக்கவும் வேண்டாதவை, சிறு டிரெய்லரில் ஒருவனே ஏற்றத்தக்கவை.