போடிமெட்டு ஏறிய பாரமானி

மலையடிவாரத்து ஊரில் இருந்துகொண்டு ஆழ்கடல் படகைப் பற்றி எழுத நேருமென்று நாம் நினைத்ததே இல்லை. சென்ற கோடை விடுமுறையில், முன்னாளில் நம்மிடம் படித்த மாணாக்கர் ஒருவர் போடிக்கு வந்திருந்தார். ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கல்லூரித் தோழர் ஒருவரோடு பங்கு சேர்ந்து, குமரி மாவட்டக் கரையில் பழைய விசைப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். படகோடு நாலு பழைய சாமான்களும் வந்து சேர்ந்தனவாம்: பித்தளைப் பாரமானி, டிரான்ஸிஸ்டர் ரேடியோ, வி.எச்.எப். என்னும் கம்பியில்லாப் பேச்சுக் கருவி, ஆபத்துக் காலத்தில் செய்தி அனுப்பும் ஆரஞ்சு நிறப் பெட்டி. புதிய கருவிகளும் வாங்கியாகிவிட்டன. பழையவற்றை எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான் என்பது பங்காளியின் கட்சி.

பாரமானியை மட்டும் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். "பாருங்கள் ஸார், வெளியே வெயில் கொளுத்துகிறது, இதுவோ மழை என்கிறது. பழுதான சாமான்தானே?"

"நாளைக் காலையில் சொல்லுகிறேன், தம்பி" என்று அனுப்பிவிட்டோம்.

மறுநாள் இருவரும் மூணாறு பஸ்ஸில் ஏறினோம். பாரமானி நம் மடியில் இருந்தது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியை விரலால் தட்டத் தட்ட, முள் சிறிது சிறிதாக இடப்பக்கம் சாய்ந்தது. மேலே இறங்கியபோது 'புயல்' என்ற ஆங்கில எழுத்தையும் கடந்து போய்விட்டது. அங்கே புயலையும் காணோம், ஒன்றையும் காணோம். மூடுபனியும் சூடான தேநீருந்தான் இருந்தன.

விஷயம் இதுதான். பாரமானி மழையை அளப்பதன்று. நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அழுத்தத்தை அளப்பது. 1,000 அடி ஏறினால் முள் ஏறத்தாழ ஓர் அங்குலம் இறங்கும். போடிமெட்டோ 4,000 அடிக்கு மேற்பட்ட உயரம். போடியும் கடல் மட்டத்தில் இல்லாதபடியால்தான் அங்கேயே 'மழை' என்றது. மாலையில் கீழே இறங்கியதும் முள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. கருவியில் குற்றமில்லை.

சரி, படகில் இதனால் என்ன பிரயோஜனம்? நம் பக்கத்துக் கடல்களில் அழுத்தம் தினம் இருமுறை ஏறி இருமுறை இறங்கும்; காலை, இரவு 10 மணி வாக்கில் உச்சம், 4 மணி வாக்கில் தாழ்வு. இந்த ஒழுங்கைக் குறித்து வருகிறவனுக்கு, அந்தப் பருவத்தின் வழக்கமான அளவுக்கு 3 மில்லிபார் குறைந்தாலே சந்தேகம் தட்ட வேண்டும். 5 குறைந்தால் புயல் அருகில் இருக்கிறதென்பதில் ஐயமில்லை. மின்சாரம் வேண்டாம், மறுமுனையில் பேச ஆளும் வேண்டாம்.

இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லவில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் குமரிக்கு அருகே உருவெடுத்தபோது, பல நாள் தொழிலுக்குப் போன படகுகள் முன்னமே நடுக்கடலில் இருந்தன. கரையில் விடுத்த எச்சரிக்கை கைப்பேசிக்கு எட்டாத தூரத்தில் கிடந்தவர்களுக்கு எட்டவில்லை. திரும்பாதவர் பலர். அதன் பின்னர், 2019இல், துணைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. நல்ல சாதனம், ஆனால் செய்தியைப் பெறுமேயன்றி அனுப்பாது. அதைப் படிக்கக் கைப்பேசியும் வேண்டும், அதில் சார்ஜும் வேண்டும்.

மற்ற மூன்றையும் பற்றிக் கேட்டார். வி.எச்.எப். கருவி பழசானாலும் இருக்கட்டும் என்றோம். 16ஆம் அலைவரிசையில் கடலோரக் காவற்படை இன்றும் செவி வைத்திருக்கிறது. பக்கத்துப் படகுகளும் கேட்கும். ஆனால் அவ்வலை நேர்க்கோட்டில் செல்வது. மலை வளைவு திரும்பியதும் கைப்பேசியில் கோடுகள் மறைவதுபோல, தொடுவானத்துக்கு அப்பால் எட்டாது. டிரான்ஸிஸ்டரைப் பற்றி நமக்கு அவ்வளவு நிச்சயமில்லை. நடுத்தர அலை ஒலிபரப்பைப் பல தேசங்கள் நிறுத்தி வருகின்றன. கடலில் எந்த நிலையம் கேட்கிறதென்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆரஞ்சுப் பெட்டியில் மட்டும் நாம் தயங்கவில்லை. அதன் மேல் 121.5 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். துணைக்கோள்கள் அந்த அலையைக் கேட்பதை 2009 பிப்ரவரி 1ஆம் தேதியோடு நிறுத்திவிட்டன; இப்பொழுது கேட்பது 406 மெகாஹெர்ட்ஸ். மூழ்கும் படகில் ஒருவன் அதன் பொத்தானை அழுத்திவிட்டு உதவி வருகிறதென்று காத்திருப்பான். எந்தத் துணைக்கோளும் அதைக் கேளாது! பாரமானி இல்லாத படகைவிட இந்தப் பெட்டி இருக்கிற படகு அபாயம். "இறக்கிவிடு, தம்பி. பாட்டரியைக் குப்பையில் எறியாமல் உரியவர்களிடம் ஒப்படை" என்றோம்.

போன மாதம் டெலிபோனில் கூப்பிட்டார். பெட்டி போய்விட்டது, 406இல் புதிது வந்துவிட்டது. பாரமானியைத் துறைமுக அளவோடு ஒத்துப் பார்த்து, பின்புறத் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்து சுக்கான் அறையில் மாட்டியிருக்கிறாராம். சமையற்காரர் நாலு வேளையும் முள்ளைப் பார்த்து நோட்டில் குறிக்கிறார். பங்காளி மட்டும் இன்னும் பித்தளை விலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.