சட்டத்துக்குள் நிற்பவள் யார்?



கம்பம் பள்ளத்தாக்கிலே பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டு விடுகின்றன. ஏலக்காய் பறிக்க இடுக்கி மலைக்கு ஏறும் பெண்கள், தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்து போகின்றனர். கையிலே தூக்குச்சட்டி, தலையிலே துண்டு, கண்ணிலே தூக்கம். அவர்கள் ஏறும் இடத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. அந்தக் கடைச் சுவரிலே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள்ளே, தாமரை மீது நிற்கிறாள் லட்சுமி! மேனியிலே சிவப்பு, கழுத்திலே பொன், களைப்பென்பதே அறியாத முகம்!

நாம் அங்கே அமர்ந்து இரண்டு காட்சிகளையும் மாறி மாறிப் பார்த்தோம். உழைக்கிறவள் ஜீப்பிலே, உழைப்பறியாதவள் சட்டத்திலே! "பொம்பளைன்னா மகாலட்சுமி மாதிரி இருக்கணும்" என்று மகளுக்குப் புத்தி சொல்லும் தாயும் அந்த ஜீப்பிலேதான் போகிறாள். வேடிக்கைதான், ஆனால் வேதனையான வேடிக்கை!

அந்த லட்சுமி வானத்திலிருந்து இறங்கி வந்தவளல்ல, தோழர்களே, அச்சுக்கூடத்திலிருந்து வந்தவள்! ஓவியர் ரவிவர்மா 1894-ல் பம்பாயிலே அச்சகம் தொடங்கினார். அவர் தீட்டியவை வண்ணப் படங்களாகி வீடுதோறும் புகுந்தன. ஓர் ஆண்மகன் கற்பனை செய்த நிறமும் நிலையும் நாணமும், பின்னர் நாட்டுப் பெண்களுக்கெல்லாம் இலக்கணமாயின.

அந்த இலக்கணத்தை ஒரு பெண் சோதித்துப் பார்த்தார். பெங்களூரிலே 1956-ல் பிறந்த புஷ்பமாலா. சிற்பக் கலை பயின்றவர். கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து, 2000 முதல் 2004 வரை ஒரு படவரிசை எடுத்தார். "தென்னிந்திய சுதேசப் பெண்கள்: ஒழுக்கங்களும் வழக்கங்களும்" என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. நம்மவரை விலங்குகளைப் போல வகைபிரித்து வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய நூல்களைக் கேலி செய்யும் தலைப்பு அது!

படங்களிலே யார் யார்? ரவிவர்மாவின் லட்சுமி உண்டு; நிலவொளியில் அமர்ந்த நங்கை உண்டு; வேளாங்கண்ணி மாதா உண்டு; பின்னாளில் முதலமைச்சரான ஜெயலலிதா 1970-களில் நடித்த திரைப்படக் காட்சியின் சாயலும் உண்டு. அத்தனை வேடத்திலும் நிற்பவர் ஒருவரே, புஷ்பமாலாவே! தேவியும் அவரே, தாரகையும் அவரே. பின்னால் தொங்குவது தீட்டிய திரை. அணிந்திருப்பது வாடகை நகைபோன்ற அலங்காரம். வேடம் வேடமென்றே தெரிகிறது. தெரியட்டும் என்றுதான் செய்திருக்கிறார்!

அமெரிக்காவிலே சிண்டி ஷெர்மன் என்ற பெண், 1977 முதல் 1980 வரை இதே வழியில் நடந்தவர். ஏங்கும் இல்லத்தரசி, வேலை தேடி நகரம் வந்த பெண், மயக்கும் மாது என்று திரைப்படங்கள் வார்த்து வைத்த பெண்களாகத் தாமே வேடமிட்டுத் தம்மையே படமெடுத்தார். ஒருத்தியே இத்தனை பேராக முடியுமென்றால், 'இதுதான் பெண்ணின் இயல்பு' என்று சொல்வதற்கு எதை எடுத்துக் காட்டுவது?

ஆனால், தோழர்களே, நம் நெஞ்சைத் தைத்தவை வேறு இரண்டு படங்கள். ஒன்றிலே அவர் தோடர் குலப் பெண்ணாக, கட்டம் போட்ட பின்புலத்தின் முன்னே நிற்கிறார். வெள்ளையராட்சியிலே மனித உடலை அளந்து குறிக்க எடுத்த படங்களின் மாதிரி அது. இன்னொன்று, திருட்டுக் குற்றத்துக்காகப் பிடிபட்ட இரு பெண்களைக் காட்டிய செய்தித்தாள் படத்தின் மறுபதிப்பு. லட்சுமியாக நின்ற அதே முகம், இங்கே குற்றவாளியாக நிற்கிறது! சட்டம் மாறியது, பார்ப்பவன் கண்ணும் மாறியது.

சட்டம் என்றால் படத்தைச் சுற்றிய மரமும் சட்டம். மனிதனைச் சுற்றிய ஆணையும் சட்டம். இரண்டையும் அறிந்த மண் நம் மண்! சென்னை மாகாண அருங்காட்சியகத்திலே இருந்த தர்ஸ்டன் துரை, கருவி கொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-ல் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு, பிரமலைக் கள்ளர் மக்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றியது. கைரேகை கொடு என்றது. மறுத்த பெருங்காமநல்லூரிலே 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. மாண்டவர்களிலே மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்திலே ஒழிந்தது 1947-ல்தான். பிறர் எழுதி ஒட்டிய உருவத்தைச் சுமப்பதென்றால் என்னவென்று, மதுரை, தேனிச் சீமை மக்களுக்கு நாம் சொல்லவா வேண்டும்?

"கலைக்கூடத்துப் படம் ஏலக்காய்க் காட்டுக்காரிக்குக் கூலியை உயர்த்துமா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உயர்த்தாது. கூலிக்குச் சங்கம் வேண்டும், கோரிக்கை வேண்டும், போராட்டம் வேண்டும். ஆனால் 'பெண் என்றால் அடக்கம்' என்ற படம் நெஞ்சிலே மாட்டியிருக்கும் வரை, சங்கக் கூட்டத்திலே அவள் எழுந்து நின்று பேசுவாளா? பேசினாலும் நாம் காது கொடுப்போமா? "வாயாடி" என்றொரு சட்டம் தயாராக இருக்குமே!

இன்று நம் வீட்டிலே நடப்பதைப் பாருங்கள். பெண்ணுக்கு வரன் தேட ஒரு படம் எடுக்கிறோம். "தலையைக் குனி, மெல்லச் சிரி" என்கிறோம். கறுப்பை வெளுப்பாக்கித் தரச் சொல்கிறோம். வந்த படம் அவளைப் போலில்லை. சுவரிலே தொங்கும் லட்சுமியைப் போலிருக்கிறது! அந்தப் படத்தைப் பார்த்துத் தன் முகத்தின் மீதே வெறுப்புக் கொள்ளும் மகளுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

படங்களைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. இதை எடுத்தவன் யார், இவளை இப்படி நிற்கச் சொன்னவன் யார் என்று கேட்கத்தான் சொல்கிறோம். அடுத்த முறை வீட்டிலே படமெடுக்கும்போது, கைப்பேசியை மகளிடம் கொடுங்கள். எப்படி நிற்பதென்று அவளே முடிவு செய்யட்டும். நிமிர்ந்து நின்றால், "குனி" என்று சொல்லாதீர்கள்!