தோளில் பட்டி இல்லாத கவுன்

1950-களின் பாரிஸ் விருந்துக் கவுன்களைப் படத்தில் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். தோளில் பட்டி இல்லை, கை இல்லை. கீழே மீட்டர் கணக்கில் பட்டுத் துணி தொங்குகிறது. பிறகு எப்படி நழுவாமல் நிற்கிறது? மார்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் என்று பலர் நினைப்பார்கள். சூட்சுமம் இடுப்பில் இருக்கிறது.

கவுனுக்குள் இன்னொரு உடுப்பே ஒளிந்திருக்கும். அதில் முக்கியமானது, இடுப்பளவுக்குக் கச்சிதமாக வெட்டிய கெட்டி நாடா. இழுத்தால் நீளாது. முதலில் அதன் கொக்கிகளை மாட்டிவிட்டுத்தான் வெளியே ஜிப்பைப் போடுவார்கள். நாடாவிலிருந்து மேல்நோக்கி மெல்லிய கம்பிப் பட்டைகள் எழும். மேல்பகுதி அவற்றின் பலத்தில் நிற்கும். பாவாடையின் கனம் இடுப்பெலும்பில் இறங்கிவிடும். சேலையின் பாரத்தை உள்பாவாடை நாடா சுமக்கிறதே, அதே கணக்கு.

இடுப்பை இறுக்கிப் பாவாடையை விரிக்கும் இந்தப் பாணியைப் பற்றி உலகைப் பேசவைத்தவர் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் டியோர். 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். போர்க்காலத் துணிப் பஞ்சம் இன்னும் தீராத நேரம். அவரோ பாவாடைக்குத் துணியை வாரி இறைத்தார். அவருக்கு முதல் போட்டவர் மார்செல் புஸ்ஸாக் என்ற துணி ஆலை முதலாளி. பாவாடை அகலமானதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது! இந்த உள்வேலை நீளக் கவுனுக்கு மட்டுமல்ல. அந்தி விருந்துக்கான காக்டெய்ல் உடை நீளத்தில் குட்டை. ஆனால் பட்டி இல்லாமல் தைத்தால் அதற்கும் உள்வேலை இதேதான்.

இந்த வித்தையை எல்லைவரை கொண்டுபோனவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சார்லஸ் ஜேம்ஸ். தொப்பி செய்து தொழிலைத் தொடங்கியவர். 1953-இல் அவர் முடித்த ‘க்ளோவர் லீஃப்’ கவுனின் பாவாடை, நாலு இதழ் கொண்ட இலைபோல் விரியும். எடை சுமார் நாலரைக் கிலோ. பாரம் இடுப்பைச் சுற்றிச் சமமாகப் பரவுவதால் அதை அணிந்து நடனமாடலாம். ஐசனோவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற விருந்துக்கென்று தொடங்கியது, அதற்குள் முடியவில்லை. சொன்ன தேதிக்குத் தராத டெய்லர்கள் எந்த ஊரிலும் உண்டு.

ஜேம்ஸைப் பார்த்து வியக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தவர் ஸ்பெயின்காரர் பாலென்சியாகா. அவருடைய பழைய கவுன்களிலும் கம்பிப் பட்டைகள் உண்டு. போகப்போக அவற்றைக் குறைத்து, அந்த வேலையைத் துணியிடமே ஒப்படைத்தார். 1958-இல் ஆப்ரஹாம் என்ற சுவிஸ் பட்டு நிறுவனம் அவருக்காக ‘கசார்’ துணியை உருவாக்கியது. நன்றாக முறுக்கிய பட்டு நூலை இரட்டையாக ஓட்டி நெய்த துணி அது. எடை குறைவு, விறைப்பு அதிகம். உடம்பிலிருந்து விலகி, தானாகவே வளைந்து நிற்கும். பாவாடையை விரித்து நிறுத்த அடியில் நெட் அடுக்குகள் தேவையில்லை. ஆனால் வெட்டு பிசகினால் மறைக்க வழியில்லை. பாலென்சியாகாவுக்கு அந்தக் கவலை குறைவு. படம் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்குபவரல்ல அவர். தன் கையாலேயே வெட்டித் தைக்கத் தெரிந்தவர். கெட்டாரியா என்ற மீனவ ஊரில் அவருடைய அம்மா தையல் வேலை செய்தவர்.