கோலார் தங்கவயல்: சுரங்கம் எழுப்பிய நகரம்

கர்நாடகத்தில், பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கோலார் தங்கவயல். இங்கே ஆற்றங்கரையும் இல்லை, துறைமுகமும் இல்லை. பூமிக்குள் வடக்கு தெற்காக ஓடும் தங்கப் பாறை ஒன்றே ஊர் உருவாகக் காரணம். தண்ணீர், மின்சாரம், முதலீடு, உழைப்பு யாவும் வெளியிலிருந்து வந்தவை.

மைசூர் எல்லையை அளக்க வந்த பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன், 1802-ல் இப்பகுதியில் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே அலசித் தங்கத் துகள்களைக் காட்டினார்கள். 1870-களில் மைக்கேல் லாவெல் சுரங்க உரிமம் பெற்றார். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றபின் தொழில் வேகம் பிடித்தது. சாம்பியன் ரீஃப், மைசூர், உரிகம், நந்திதுர்க்கம் ஆகியவை பெரிய சுரங்கங்கள்.

சுரங்க எந்திரங்களை ஓட்ட, 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தூரத்துக்கு மின்கம்பி இழுக்கப்பட்டது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூரு தெருக்களில் மின்விளக்கு எரிந்தது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். குடிநீர் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது.

ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் அமைந்தன; 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. தொழிலாளர்களுக்குக் கிடைத்தவை வரிசை வரிசையான சிறு லைன் வீடுகள். அவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் இவர்களிடையே வேரூன்றியது. சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை தமிழ் நூல்களை வெளியிட்டது. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்ய நிர்வாகம் முனைந்தபோது, 1930-ல் அதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்றது. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பித்தான் வேலை நடந்தது. மேலிருக்கும் பாறையின் அழுத்தம் தாங்காமல் சுவர் திடீரென வெடித்துச் சிதறும் 'பாறை வெடிப்பு' பல உயிர்களைப் பலிகொண்டது. அந்த ஆழமே அறிவியலுக்கு உதவியது. விண்ணிலிருந்து வரும் மற்ற துகள்களை மேலிருந்த பாறை வடிகட்டிவிட்டதால், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடயம் 1965-ல் இங்கே பதிவானது.

சுரங்கங்களை 1956-ல் மைசூர் அரசும் பிறகு மத்திய அரசும் ஏற்றன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் குறைந்துகொண்டே போக, அதை எடுக்கும் செலவு ஏறியது. 800 டன்னுக்கும் மேல் தங்கம் தந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன.

அரைத்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மண், 'சயனைடு மேடு' என்ற பெயரில் ஊர் நடுவே குன்றுகளாகக் கிடக்கிறது. காற்றடித்தால் அதன் தூசி வீடுகளுக்குள் புகுகிறது. இங்கே பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. ஆனால் சுரங்கம் தந்த அளவுக்கு வேலை அங்கே இல்லை. ஆகவே ஆயிரக்கணக்கானோர் விடியுமுன்பே பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். சுரங்கத்துக்காகப் போட்ட மாரிக்குப்பம்–பங்காருபேட்டை இருப்புப்பாதைதான் இப்போது அவர்களை வெளியூர் வேலைக்குக் கொண்டுசெல்கிறது.