ரியோவில் பச்சையான குளம்

2016 ஆகஸ்டில், ரியோ ஒலிம்பிக்கின் டைவிங் குளம் திடீரெனப் பச்சையாகிப்போனது. குளோரின் கலந்த நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார்கள். அது குளோரினை முறித்துவிட, பாசி தழைத்தது.

வீட்டு நீச்சல் குளத்திலும் குளோரின் போட்டால் மட்டும் போதாது. நீரின் பி.எச். அளவு 7.2 முதல் 7.8க்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் குளோரினின் வீரியம் குறைந்துவிடும். சோதனைப் பட்டையை நனைத்தால் நிறமே சொல்லிவிடும்.

மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். நேர்மாறு! வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் குளோரமைனின் நாற்றம் அது. கண் எரிவதும் அதனால்தான். குளத்தில் இறங்குமுன் எல்லோரும் கட்டாயம் ஷவரில் குளிக்க வேண்டும்.



பி.எச். அளவைக் குறைக்கச் சேர்க்கும் ஆசிடையும் குளோரினையும் ஒரே வாளியில் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.