டன்றொபின் கோட்டையும் வெளியேற்றப்பட்ட மக்களும்

ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில், கொல்ஸ்பி கிராமத்துக்கு அருகே அமைந்துள்ளது டன்றொபின் கோட்டை. சதர்லண்ட் பிரபுக்களின் பரம்பரை இல்லமான இதில் 189 அறைகள் உள்ளன. இதன் கூரிய கோபுரங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தவை. பிரித்தானிய நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சேர் சார்ள்ஸ் பரிக்கு அவற்றில் பங்குண்டு.

ஆனால் இக்கோட்டையின் பெயர் மக்கள் நினைவில் நிலைத்திருப்பதற்கு அதன் நிலங்களில் நடந்தவையே காரணம். அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கோமாட்டி எலிசபெத்தும் அவரது கணவர் ஸ்டஃபோர்ட் பிரபுவும், உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த கேலிக் மொழி பேசும் ஆயிரக்கணக்கான குடியானவர்களை வெளியேற்றினர். செம்மறி ஆட்டுப் பண்ணைகள் கூடுதல் குத்தகை தந்தமையே இதற்குக் காரணம். கரையோரத்தில் சிறு காணித்துண்டுகள் வழங்கப்பட்டு, மீன்பிடித்துப் பிழைக்குமாறு மக்கள் பணிக்கப்பட்டனர். பலர் கனடாவுக்குக் கப்பலேறினர்.

தலைமுறைகளாக வாழ்ந்த மண் தமதென மக்கள் நம்பினர். சட்டமோ அவர்களை வெறும் குத்தகைக்காரராகவே கருதியது.

1814இல் ஸ்ட்ரத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. பிரபுவின் முகவரான பற்றிக் செலர் மீது, மரணம் விளைவித்த குற்றச்சாட்டும் சுமத்தப்பட்டது. 1816இல் இன்வெர்னஸ் நீதிமன்றில் ஜூரிகள் அவரை விடுவித்தனர். மக்கள் அகற்றப்பட்ட நிலத்தின் புதிய குத்தகைக்காரரும் அவரே.

1833இல் கோமகனாக உயர்த்தப்பட்ட பிரபு அதே ஆண்டில் காலமானார். அவரது பிரமாண்ட சிலை கொல்ஸ்பிக்கு மேலுள்ள குன்றில் இன்றும் நிற்கிறது. அதை அகற்றவேண்டும் என்ற குரலும் ஓயவில்லை.

சிறு குடியானவர்களை எழுந்தமானமாக வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1886இலேயே வந்தது. ஸ்ட்ரத்நேவர் மக்களுக்கு அது காலம் கடந்த நீதி.