கிறிஸ்துமஸ் மரக் கப்பல்

ஏரி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது, இக்கரையிலிருந்து பார்த்தால் அக்கரைப் பனைகள் தெரியும் ஒரு நீர்ப்பரப்பு. அமெரிக்காவின் வடபாகத்திலுள்ள மிச்சிகன் ஏரியோ, பரப்பில் இலங்கைத் தீவைவிடச் சற்றுத்தான் சிறியது. உப்பில்லாத கடல் என்றே அதைச் சொல்லிவிடலாம். கடலுக்குரிய புயலும் பேரலையும் கலங்கரை விளக்கங்களும் அங்கே உண்டு. கப்பற் சேதங்களும் ஏராளமாக உண்டு. அந்த ஏரியில் 44 வருஷ காலம் சுமை தூக்கி உழைத்துவிட்டு, 1912-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் மறைந்துபோன ‘ரௌஸ் ஸிம்மன்ஸ்’ என்னும் பாய்க் கப்பலின் சரித்திரத்தைத்தான் இங்கே எழுத எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்று பாய்மரங்களையுடைய அந்த ஸ்கூனர், 1868-ல் மில்வாக்கி நகரத்தில் கட்டப்பட்டது. நீளம் 120 அடிக்குச் சற்று அதிகம். கெனோஷா ஊரைச் சேர்ந்த ஒரு பிரமுகரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் தொழில், காடுகளில் அறுத்த பலகைகளை நகரங்களுக்குச் சுமப்பது. 1871-ல் சிக்காகோ நகரம் தீக்கிரையாகி மறுபடியும் எழும்பியபோது, அதற்கு வேண்டிய மரத்தில் பெரும் பகுதி இத்தகைய ஸ்கூனர்களில்தான் வந்து இறங்கிற்று. மஸ்கீகன் நகரத்துப் பெரும் மர வியாபாரியான சார்லஸ் ஹாக்லியிடம் ‘ரௌஸ் ஸிம்மன்ஸ்’ நெடுங்காலம் உழைத்தது. பிறகு நீராவிக் கப்பல்களும் ரயில் பாதைகளும் பெருகின. பாய்க் கப்பலுக்குக் கிடைத்த கூலி குறைந்தது. கூலி குறைந்ததும், பழுது பார்க்கும் செலவும் சுருங்கிவிடும் அல்லவா? கப்பல் கைமாறிக் கைமாறி, கடைசியில் எளியவர்களின் உடைமையாயிற்று.

அவர்களுள் ஒருவர் காப்டன் ஹெர்மன் ஷூனமன். விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில், ஜெர்மானிய வம்சத்தில் பிறந்தவர். வருஷம் முழுவதும் கிடைத்த சரக்கை ஏற்றுவார். நவம்பர் மாதம் பிறந்ததும் மிச்சிகன் மாகாணத்தின் வட காடுகளுக்குச் சென்று, ஊசியிலை மரங்களைக் கப்பல் நிறைய ஏற்றிக்கொண்டு சிக்காகோ வந்து சேருவார். கிளார்க் தெருப் பாலத்தருகே ஆற்றில் கப்பலைக் கட்டி, பாய்மரத்துக்குப் பாய்மரம் மின்சார விளக்குச் சரங்களைத் தொங்கவிடுவார். குழந்தைகளை அழைத்துக்கொண்டு தாய்தந்தையர் கப்பலின் மேல்தளத்துக்கே ஏறி வந்து, தங்களுக்குப் பிடித்த மரத்தைப் பொறுக்குவார்கள். ஒரு மரத்தின் விலை அரை டாலரிலிருந்து ஒரு டாலர் வரையில். காசில்லாத குடும்பங்களுக்கும் மாதா கோவில்களுக்கும் இனாமாகவே கொடுத்து அனுப்புவதுண்டு. குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயராலேயே அவரை ‘காப்டன் ஸாண்டா’ என்று ஊரார் அழைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் விளக்குச் சரங்களோடு நின்றுவிடுகிறார்கள். நாம் காப்டனுடைய கணக்குப் புஸ்தகத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். 1907-ஆம் வருஷம் அவர் கோர்ட்டில் திவால் மனுக் கொடுத்திருக்கிறார். ‘ரௌஸ் ஸிம்மன்ஸ்’ கப்பலில் அவருக்கு இருந்தது எட்டில் ஒரு பங்குதான். இடைத் தரகர் இல்லாமல் மரத்தைத் தாமே கொண்டுவந்து, கப்பலையே கடையாக்கி விற்றதனால்தான் மலிவான விலையிலும் அவருக்கு ஏதோ மிஞ்சியது. அந்த வியாபாரமோ சில வாரங்களில் முடிந்துபோவது. டிசம்பர் 25-க்கு மறுநாள் அந்த மரத்தை யார் வாங்குவார்கள்? ஆகவே, மற்றக் கப்பல்காரர்கள் புயலுக்கு அஞ்சிக் கரை சேரும் மாதத்திலேயே அவர் ஏரியில் இறங்க வேண்டியிருந்தது.

அந்தப் புயலை அவர் அறியாதவரும் அல்லர். 1898 நவம்பரில் அவருடைய அண்ணன் ஆகஸ்ட், ‘எஸ். தால்’ என்னும் கப்பலில் இதே மரச் சுமையோடு வந்தபோது, சிக்காகோவுக்கு வடக்கே அக்கப்பல் உடைந்து உயிரிழந்தார். அதற்குச் சற்று முன்புதான் ஹெர்மனின் மனைவி பார்பராவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருந்தன. அண்ணனை இழந்த பிறகும் தம்பி அந்தத் தொழிலை விடவில்லை. வேறு தொழிலுக்கு முதல் ஏது?

1912 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. தாம்ஸன் என்னும் சிறு துறைமுகத்திலிருந்து ‘ரௌஸ் ஸிம்மன்ஸ்’ புறப்பட்டது. அடிக்கிடங்கு நிறைய மரம். மேல்தளத்திலும் ஆள் உயரத்துக்கு மேல் மரம். ஆயிரக்கணக்கான மரங்கள் இருந்தன என்பது நிச்சயம். கப்பலிலிருந்து எலிகள் இறங்கி ஓடின என்றும், அதைக் கண்ட மாலுமிகள் சிலர் ஏற மறுத்தார்கள் என்றும் பிற்காலத்தில் ஒரு கதை வழங்கலாயிற்று. மூழ்கிய கப்பல்களுக்கெல்லாம் இந்த எலிக் கதை எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது!

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னால், விஸ்கான்ஸின் கரையிலுள்ள கெவானி உயிர்காப்பு நிலையத்தார், சுமார் ஐந்து மைல் தொலைவில் ஒரு ஸ்கூனரைக் கண்டார்கள். அது ஆபத்துக்கு அடையாளமான அரைக்கம்பக் கொடியோடு, வடமேற்குப் புயற்காற்றில் தெற்கு நோக்கித் தள்ளுண்டு போய்க்கொண்டிருந்தது. கெவானியில் இருந்ததோ துடுப்பு வலிக்கும் படகுகள்தாம். அந்த அலையில் துடுப்புப் படகு அக்கப்பலை எட்டிப் பிடிக்காது. நிலையத் தலைவர் ஓர் இழுவைக் கப்பலைத் தேடினார்; அது அன்று முன்னரே வெளியே போய்விட்டிருந்தது. உடனே தெற்கேயுள்ள டூ ரிவர்ஸ் நிலையத்துக்கு டெலிபோன் செய்தார். அங்கிருந்து ‘டஸ்கரோரா’ என்னும் மோட்டார் படகு கிளம்பியது. கணக்குப்படி கப்பல் எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தை அது அடைந்தபோது, அங்கே கப்பல் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இருள் கவிந்தது, பனியும் சூழ்ந்தது. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கப்பலில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. எத்தனை பேர் என்பதற்குக் கரையில் ஜாபிதா எதுவும் இல்லாதபடியால், அக்காலத்துப் பத்திரிகைகள் ஆளுக்கொரு தொகையை எழுதின. காட்டில் மரம் வெட்டிவிட்டு ஊருக்குத் திரும்பிய கூலியாட்கள் சிலரும் அதில் ஏறியிருந்ததாகச் சொன்னார்கள். கூலியாளின் பெயரை யார் குறித்து வைக்கிறார்கள்?

சிக்காகோவில் பார்பராவும் மூன்று பெண்களும் காத்திருந்தார்கள். மூத்தவள் எல்ஸிக்கு வயது சுமார் இருபது. துக்கத்தைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவர்களுக்கு வழியில்லை. பார்பரா அம்மாள் தாமே வட காடுகளுக்குச் சென்று மரம் வெட்டுவதை மேற்பார்வை செய்தார். சில வருஷம் கப்பலிலும், பிறகு ரயிலிலுமாகச் சரக்கைக் கொண்டுவந்து, பெண்களோடு வளையங்கள் கட்டி விற்றார். 1933-ல் அவர் காலமானார். தம்பதிகள் இருவர் பெயரையும் ஒரே கல்லில் பொறித்து, நடுவில் ஓர் ஊசியிலை மரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். ‘காப்டன் ஸாண்டா’வைப் பாடுகிறவர்கள், இருபது வருஷம் அந்த வியாபாரத்தைத் தாங்கிய இந்த அம்மாளுக்கு இரண்டு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை என்பது நமக்குச் சற்று வருத்தந்தான்.

ஏரி தான் விழுங்கியதைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்தது. பல வருஷம் மீனவர் வலைகளில் மரங்கள் சிக்கின. 1924-ல் மெழுகுத் துணியில் சுற்றிய காப்டனுடைய பணப்பை வலையில் அகப்பட்டது. 1971-ல் கென்ட் பெல்ரிச்சர்ட் என்னும் முக்குளிப்பவர் வேறொரு கப்பலைத் தேடியபோது, டூ ரிவர்ஸ் ஊருக்கு அருகே சுமார் 170 அடி ஆழத்தில் இதைக் கண்டார். 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் இறங்கி அளந்தார்கள். நங்கூரச் சங்கிலியும் பாய்மரங்களும் முன்பக்கமாகவே சரிந்து கிடந்ததிலிருந்து, கப்பல் அணியம் கீழாக ஏரியின் அடித்தரையில் பாய்ந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். மேல்தளத்து மரங்களின் மீது அலைநீர் உறைந்து பனிக்கட்டியாகி, அந்தப் பாரமே பழைய கப்பலை அமுக்கியிருக்கும் என்று பலரும் கருதுகிறார்கள். சுக்கான் சக்கரம் கப்பலுக்கு ஒன்றரை மைல் வடக்கே தனியாக அகப்பட்டிருக்கிறது. அது கழன்றுபோன பின்னும் கப்பல் சிறிது தூரம் மிதந்தே வந்திருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

சிக்காகோவில் ஏழைக் குடும்பங்களுக்காக மரங்களை ஏற்றிவரும் வழக்கத்தை 2000-ஆம் வருஷத்தில் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் ‘மாக்கினா’ கப்பல் மீண்டும் தொடங்கியது. ‘ரௌஸ் ஸிம்மன்ஸ்’ ஏற்றிவந்த மரங்கள் இன்னும் அடிக்கிடங்கிலேயே அடுக்கியபடி கிடக்கின்றன. 1971-ல் இறங்கிப் பார்த்தபோது அவற்றில் சிலவற்றில் ஊசியிலைகள்கூட உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தன.